நெட் பெட்டிச் சாவி

எங்கள் ஊர் வாலிபால் கோர்ட் ஓரத்தில், வேப்ப மரத்தடியில், ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே நெட், நான்கு பந்து, காற்றடிக்கிற பம்பு, சுண்ணாம்பு வாளி, கோடு போடப் பிடிக்கிற நைலான் கயிறு, ஒரு முதலுதவிப் பை. பெட்டிக்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. 11 வருஷம் அந்தச் சாவி என் வீட்டு வாசல் ஆணியில் தொங்கியது. இப்போது என்னிடம் இல்லை. அது எப்படிக் கைமாறியது என்று எழுத வேண்டுமென ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தால் நான் செய்த ஒரு தப்பையும் எழுதாமல் முடியாது என்று தெரிகிறது. சரி, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். சிவந்த மணல், பனை, காற்று. காற்றுக் காலத்தில் சுண்ணாம்பைப் பொடியாகத் தூவினால் நிற்காது, பறந்துவிடும். அதனால் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, குவளையால் கயிற்றோரம் ஊற்றிக் கோடு போடுவோம். காய அரை மணி நேரம் ஆகும். அதற்கு முன் தரையில் தண்ணீர் தெளித்து மணலை அமுக்க வேண்டும். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். தினமும் விடியற்காலை இந்த வேலையைச் செய்ய யாராவது ஒருவன் வேண்டும். விளையாட்டுக்கு ஆள் கிடைப்பது சுலபம், கோடு போட ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். காலையும் மாலையும் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற இந்தக் காலி இடத்தில் ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளைகள், ஆர்.சி. வீட்டுப் பிள்ளைகள், அம்மன் கோயில் தெருப் பையன்கள், பஜாரிலிருந்து வரும் இரண்டு முஸ்லிம் பையன்கள் என எல்லோரும் ஆடுகிறார்கள். பயிற்சி ஆரம்பித்தபோது என் மனதில் ஒரு ஆசை இருந்தது. இந்தக் கோர்ட்டிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, இயேசுவின் சீஷர்களும் எழும்ப வேண்டும். அந்த ஆசை இன்றும் இருக்கிறது. ஆனால் அதை நிறைவேற்ற நான் எடுத்த முதல் வழி சரியில்லை.

முதல் இரண்டு வருஷமும் பயிற்சிக்கு முன் பிரசங்கம் வைத்தேன். பையன்களை வரிசையாக நிற்க வைத்து 15 நிமிஷம், சில நாள் 20 நிமிஷம். பவுல் கொரிந்தியருக்கு எழுதினதை அடிக்கடி எடுப்பேன்: “பந்தயச் சாலையில் ஓடுகிறவர்களெல்லாரும் ஓடுவார்கள், ஆகிலும், ஒருவனே பந்தயத்தைப் பெறுவானென்று அறியீர்களா?” கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன, ஜெயித்தவனுக்கு இலைகளால் முடிந்த கிரீடம், அது சில நாளில் வாடிப்போகும், பவுல் சொல்கிற அழிவுள்ள கிரீடம் அதுதான் என்றெல்லாம் விளக்குவேன். பேசுகிற எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நிற்கிற பையன்கள் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மன் கோயில் தெருப் பையன்கள் தள்ளிப்போய் மரத்தடியில் தலை குனிந்து நிற்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் என்னிடம் வந்து கேட்டான், “சார், ஜெபத்துல நிக்கலன்னா டீம்ல எடுக்க மாட்டீங்களா?”

அவன் எதிர்த்துப் பேசவில்லை. பயந்துதான் கேட்டான். பத்தாவது படிக்கிற ஒரு பையன் என் முன் அப்படிப் பயந்து நின்றது இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து வரிசைப் பிரசங்கத்தை நிறுத்தினேன். யாருக்கும் எதையும் மறைக்கவில்லை. நான் விசுவாசி என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முன் நான் தனியே கண்ணை மூடி நிற்பேன், சேர்ந்து நிற்க விரும்புகிறவன் நிற்கலாம். டீமில் இடம் கிடைப்பது ஆட்டத்தையும் உழைப்பையும் பொறுத்தது, ஜெபத்தைப் பொறுத்ததல்ல என்று பெற்றோரிடமும் சொல்லிவிட்டேன். பந்தைத் தூண்டில் இரை மாதிரி வைத்து ஆத்தும ஆதாயம், அதாவது விசுவாசத்துக்கு ஆள் சேர்ப்பது, செய்யக் கூடாது. மீன் பிடிக்கிறவர்களை அழைத்த கர்த்தர் எந்த மனுஷனையும் ஏமாற்றிப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு சீஷர்களை எதற்குத் தெரிந்தெடுத்தார் என்று மாற்கு எழுதும்போது, அனுப்புவதற்கு முன்னால் ஒரு காரணம் சொல்கிறார்: “தம்மோடுகூட இருக்கவும்”. கூட இருப்பதுதான் முதலில். அந்த இரண்டு வார்த்தையைத் தாண்டி நான் வேகமாகப் படித்துப் போயிருக்கிறேன்.

நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியில் படித்த காலத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எங்களுக்குப் பரீட்சைக்கு வரும் ஒரு பெயர். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர், 1891, இரண்டு மார்க். பிறகு பையன்களோடு வேலை செய்யத் தொடங்கியபோதுதான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். கனடாக்காரர். ஒன்பது வயதில் அப்பா அம்மா இரண்டு பேரும் டைபாய்டில் போய்விட்டார்கள். மாமா வளர்த்தார். படிப்பை விட்டு மரம் வெட்டும் வேலைக்குப் போய், சில வருஷம் கழித்துத் திரும்ப வந்து படித்து, மாண்ட்ரியலில் இறையியல் மாணவரானார். போதகராவதுதான் நோக்கம். அங்கே ரக்பி ஆடிக்கொண்டிருந்தபோது நடந்த ஒரு சின்ன விஷயத்தை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தின் சூட்டில் பக்கத்தில் நின்ற ஆள் கெட்ட வார்த்தை ஒன்றை விட்டார். விட்ட கையோடு நெய்ஸ்மித் நிற்பதைக் கவனித்து, நீ இருப்பதை மறந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். கெட்ட வார்த்தை பேசாதே என்று நெய்ஸ்மித் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்தில் நின்று ஆடினார், அவ்வளவுதான். பிரசங்க பீடம் மட்டுமல்ல, மைதானமும் ஊழியம் செய்கிற இடம் என்று அவருக்குப் பட்டது அப்போதுதான்.

அதற்குப் பின் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கே 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு. பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல், உடற்பயிற்சியில் சலித்து, வாத்தியார்களைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. அதை நெய்ஸ்மித் தலையில் கட்டி, உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டை 14 நாளில் கண்டுபிடி என்றார் உடற்கல்வித் துறைத் தலைவர் லூதர் குலிக். நெய்ஸ்மித் செய்த யோசனை என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய பாடம். ஆட்டத்தில் ஏன் அடிதடி வருகிறது? பந்தோடு ஓடுகிறவனை மறிக்க வேண்டியிருப்பதால். அப்படியானால் பந்தோடு ஓடக் கூடாது என்று வைப்போம். கோல் தரைமட்டத்தில் இருந்தால் பலத்தைக் கூட்டி அடிப்பான். அப்படியானால் தலைக்கு மேலே, கிடைமட்டமாக வைப்போம், மெதுவாக வளைத்துப் போட்டால்தான் விழும். பத்து அடி உயரத்தில் பீச் பழக்கூடை இரண்டு, 13 விதிகள், பக்கத்துக்கு ஒன்பது பேர். முதல் ஆட்டத்தில் மொத்தமே ஒரு கூடைதான் விழுந்தது. அந்த முரட்டுப் பையன்களிடம் ஒழுங்காக இருங்கள் என்று அவர் பிரசங்கம் செய்யவில்லை. முரட்டுத்தனத்துக்கு லாபம் இல்லாத ஒரு ஆட்டத்தை அவர்கள் கையில் கொடுத்தார்.

நாங்கள் ஆடுகிற வாலிபாலும் அதே வீட்டுப் பிள்ளைதான். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த வில்லியம் மார்கன், பக்கத்து ஊரான ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் 1895-ல் இதை உண்டாக்கினார். கூடைப்பந்தின் வேகம் தாங்காத நடுவயது வியாபாரிகளுக்காக, ஒருவர் மேல் ஒருவர் மோதாமல், நடுவே ஆறரை அடி உயரத்தில் நெட் கட்டி. இன்று ஆண்கள் ஆட்டத்துக்கு அது 2.43 மீட்டர் ஆகிவிட்டது. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த இன்னொருவர் ஹாரி குரோ பக், மெட்ராஸுக்கு வந்து 1920-ல் எங்கள் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வெளியே போன உடற்கல்வி ஆசிரியர்கள் எத்தனையோ ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு இந்த ஆட்டங்களைக் கொண்டுபோனார்கள். தேரி மணலில் பனங்கட்டை நட்டு நாங்கள் நெட் கட்டுகிறோம் என்றால் அந்தக் கயிற்றின் ஒரு நுனி அங்கே இருக்கிறது. இதைப் பையன்களுக்குச் சொல்லும்போது, நம் கைக்கு வந்த எதையும் யாரோ ஒருவர் சுமந்து வந்து கொடுத்திருக்கிறார் என்று சொல்வேன். சொன்ன நானே அதற்கு மாறாக நடந்தேன்.

எங்கள் டீமில் ஒரு லிஃப்டர் இருந்தான். வாலிபால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எதிராளி அடிக்கிற பந்தை ஒருவன் அண்டரில், அதாவது இரண்டு கையையும் சேர்த்துக் கீழிருந்து, எடுப்பான், லிஃப்டர் அதை விரல் நுனியில் வாங்கி நெட் ஓரமாகத் தூக்கிக் கொடுப்பான், மூன்றாமவன் எகிறி அடிப்பான். கைதட்டு அடித்தவனுக்கு. பந்து நல்ல இடத்தில் நின்றதா இல்லையா என்பது லிஃப்டர் கையில். இந்தப் பையன் குள்ளம், கை மட்டும் பூ மாதிரி. அப்பா குடிப்பார், அம்மா செங்கல் சூளைக்குப் போவார். கிறிஸ்தவ வீடு என்றாலும் ஆலயத்துக்கு வருவது கிறிஸ்மஸுக்கு மட்டும். ஆனால் கோர்ட்டுக்கு ஒருநாள் தவறமாட்டான். தினமும் காலை ஐந்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி, “சார், சாவி” என்பான். கோடு போட்டு, நெட் கட்டி, பயிற்சி முடிந்ததும் நெட்டைச் சுருட்டி வைத்து, சாவியை மறுபடி என் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். மூன்று வருஷம்.

அந்த வருஷம் ஈஸ்டர் டோர்னமென்ட் எங்கள் ஊரில். ராத்திரி லைட் போட்டு இரண்டு நாள். பெரிய சுழற்கோப்பை. எங்கள் பக்கத்து டோர்னமென்ட்களில் கெஸ்ட் பிளேயர் என்று ஒரு வழக்கம் உண்டு. விளையாட்டு விடுதியிலோ டிபார்ட்மென்ட் டீமிலோ ஆடுகிற நல்ல ஆட்டக்காரர்களைப் பஸ் செலவும் கைச்செலவும் கொடுத்து அந்த இரண்டு நாளுக்கு மட்டும் கூட்டி வருவது. எங்கள் ஊர் ஒருமுறையும் அந்தக் கோப்பையை வாங்கினதில்லை. கமிட்டிக்காரர்கள் வந்து கேட்டார்கள். நானும் ஆசைப்பட்டேன். இரண்டு பேரை வரவழைத்தேன், ஒருவன் அடிக்கிறவன், இன்னொருவன் லிஃப்டர்.

எங்கள் பையனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஜெர்ஸி கொடுக்கும்போது ஆறு பேர் பெயரை வாசித்தேன், அவன் பெயர் இல்லை. அவன் எதுவும் கேட்காமல் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட்டான். இரண்டு நாளும் ஒரு பாயின்ட்கூட அவனை இறக்கவில்லை. நாங்கள் ஜெயித்தோம். கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வந்தபோது நான் அவனைத் தேடவும் இல்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு யாரும் கதவைத் தட்டவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் போயிற்று. ஐந்து மணிக்கு எனக்குத் தானாக விழிப்பு வரும், ஆணியில் சாவி தொங்குவதைப் பார்ப்பேன். கொரிந்தியரில் நான் வழக்கமாக எடுக்கிற அதே பகுதியின் கடைசி வசனம் அந்த வாரம் என்னை விடவே இல்லை: “மற்றவர்களுக்குப் பிரசங்கம்பண்ணுகிற நான்தானே ஆகாதவனாய்ப் போகாதபடிக்கு”. அந்த வசனத்தைப் பையன்களுக்குச் சொல்லும்போது அதிகாலை எழும்புவது, சிகரெட் தொடாமல் இருப்பது, உடம்பைக் கட்டுப்படுத்துவது என்றுதான் விளக்கியிருந்தேன். அது கோச்சுக்கான வசனம் என்று எனக்குத் தோன்றினதே இல்லை.

எட்டாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வாசலில் இருந்தார். “விடியக்காலம் எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுவான் சார். இப்பதான் நல்லாத் தூங்குதான், தூங்கட்டும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குள் அவன் எழுந்து வந்துவிட்டான். நான் செய்தது தப்பு, என்னை மன்னித்துக்கொள் என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், “ஆட விடலன்னு வருத்தமில்ல சார். அந்த அண்ணன் என்னைவிட நல்லாத் தூக்குனாரு, எனக்கே தெரியும். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா.”

அன்று மாலை டீமைக் கூட்டி எல்லோர் முன்னாலும் அதே மன்னிப்பை இன்னொரு முறை கேட்டேன். தப்பை எல்லோர் முன்னாலும் செய்துவிட்டு மன்னிப்பை மட்டும் அவன் வீட்டு வாசலில் ரகசியமாகக் கேட்டு முடிப்பது நியாயமில்லை. இனிமேல் கெஸ்ட் பிளேயர் கிடையாது, தினமும் வருகிறவன்தான் ஆடுவான், தோற்றாலும் சரி என்றேன். அடுத்த மூன்று ஈஸ்டர்களிலும் தோற்றோம். கமிட்டியில் வருத்தப்பட்டார்கள். என் முடிவில் எனக்கு வருத்தமில்லை. ஒரு பையனை இரண்டு நாள் கோப்பைக்காகத் தள்ளி வைத்துவிட்டு, தேவன் உன்னை ஒருபோதும் தள்ள மாட்டார் என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது?

அவன் திரும்பி வந்தான், உடனே அல்ல. ஒரு மாதம் கழித்து, பரீட்சை லீவில். அப்புறம் ஒருநாள் இரண்டு பேரும் நெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கேட்டான், “சார், அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து மன்னிப்பு கேட்டீங்கள்லா, அது பைபிள்ல இருக்கா?” மூன்று வருஷமாக என்னிடம் அவன் கேட்ட முதல் பைபிள் கேள்வி அது. மத்தேயு 5-ல், காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன் தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு சொன்னதைக் காட்டினேன். வாசித்தான். திரும்பவும் வாசித்தான். “மீதியையும் வாசிக்கலாமா?” என்றான்.

அப்படித்தான் புதன்கிழமை வாசிப்பு ஆரம்பித்தது. ஆலயத்தின் பின்வாசல் படிக்கட்டில், பயிற்சி முடிந்த பிறகு, மூன்று பையன்களும் நானும். வாரம் ஒரு அதிகாரம். மத்தேயுவில் 28 அதிகாரம், பரீட்சையும் மழையும் போக முடிக்க ஒரு வருஷம் பக்கமாயிற்று. நான் விளக்கம் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். வாசித்ததும் ஒரே கேள்விதான்: இந்த வாரம் இதில் எதைச் செய்து பார்க்கலாம்? வாலிபாலில் ரொட்டேஷன் உண்டு, சர்வீஸ் தங்கள் பக்கம் வரும்போதெல்லாம் ஆறு பேரும் ஒரு இடம் சுற்ற வேண்டும், முன்னால் நிற்பவன் பின்னால் போக வேண்டும். அதே மாதிரி வாசிப்பை நடத்துகிறவனும் வாரம் வாரம் மாறுவான் என்று வைத்தோம். முதல் முறை லிஃப்டர் பையன் நடத்தியபோது குரல் நடுங்கியது. மலைப்பிரசங்கத்தில் இரண்டு மைல் தூரம் போகச் சொல்கிற இடம். அந்த வாரம் அவன் அப்பா குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் கிடந்தபோது, எப்போதும் போல ஒளிந்துகொள்ளாமல் போய்த் தோளில் கை போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தானாம். அடுத்த புதன்கிழமை அதை இரண்டே வரியில் சொன்னான். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரச்சினையையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் வைப்பார்கள். ஆராதனையும் அதே நேரம். ஆலயத்துக்கு வராதவன் விளையாடக் கூடாது என்று ஒரு காலத்தில் கண்டிப்பாக இருந்தேன். எரிக் லிடெல் கதையை உதாரணம் காட்டுவேன். 1924 பாரிஸ் ஒலிம்பிக். 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்றதும் ஓட மறுத்துவிட்டார் அந்த ஸ்காட்லாந்துக்காரர். அதற்குப் பதில் 400 மீட்டர் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். (அதே ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் மேலாளர் எங்கள் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி பக்தான். இரண்டு பேரும் ஒரே மைதானத்தில் நின்றிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.)

ஆனால் லிடெல் கதை பாரிஸில் முடியவில்லை. அடுத்த வருஷமே, தான் பிறந்த நாடான சீனாவுக்கு மிஷனரியாகத் திரும்பினார், ஆசிரியராக வேலை செய்தார். 1943-ல் ஜப்பானியர் அவரை மற்ற வெளிநாட்டவர்களோடு வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் கனடாவில். முகாமில் இருந்த பிள்ளைகளுக்கு அவர் பாடம் சொல்லிக் கொடுத்தார், விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடத்தவில்லை. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாமல் சண்டையில் முடிந்தது. அதைப் பார்த்த பிறகு ஞாயிற்றுக்கிழமையும் நடுவராக நிற்க ஒத்துக்கொண்டார். தனக்கென்று வந்தபோது ஒலிம்பிக் பந்தயத்தையே விட்டவர், பிள்ளைகளுக்கென்று வந்தபோது தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார். 1945 பிப்ரவரியில், முகாமிலேயே, மூளைக்கட்டியால் இறந்தார். வயது 43.

இதைப் படித்த பிறகு நான் கண்டிப்பை விடவில்லை, அதை யார் மேல் வைப்பது என்பதை மாற்றிக்கொண்டேன். நான் ஞாயிறு ஆராதனையை விடுவதில்லை. ஊரிலேயே டோர்னமென்ட் நடந்தால் முதல் ஆட்டத்தை ஆராதனை முடிந்த பிறகு வையுங்கள் என்று கமிட்டியிடம் மன்றாடுவேன், பல முறை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியூர் ஆட்டமென்றால் விடியற்காலை ஆராதனை உள்ள ஊரில் இறங்கி, கலந்துகொண்டு போவோம். வர விருப்பமில்லாதவன் வெளியே டீக்கடையில் இருக்கலாம், அவனை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கக் கூடாது. இது எல்லோருக்கும் சரியான பதில் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆலயப் போதகர் ஐயரே இதில் என்னோடு முழுக்க ஒத்துப்போகவில்லை.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோச்சின் கையில் நிறைய அதிகாரம் இருக்கிறது. யார் ஆடுவான், யார் உட்காருவான், யாருக்கு ஷூ, யாருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கச் சிபாரிசு, எல்லாம் அவர் வாயில். அதோடு தேவனுடைய பெயரும் சேர்ந்தால் ஒரு பையனால் எதையும் மறுக்க முடியாமல் போகும். அதனால் எந்தப் பிள்ளையிடமும் தனியறையில் பேசுவதில்லை. கோர்ட் ஓரத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்தான். ராத்திரி ஆட்டத்துக்குப் போனால் குறைந்தது இரண்டு பெரியவர்கள். போனில் பேசினால் பெற்றோருக்குத் தெரிந்து. ஜெபிக்கிற மனுஷன்தானே என்று நம்பிக் கதவைத் திறந்துவிட வேண்டாம் என்று பெற்றோரிடம் நானே சொல்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

நெய்ஸ்மித்துக்குத் திரும்ப வருகிறேன். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் கூடைப்பந்துக் கோச்சாக இருந்த காலத்தில் ஜெயித்தது 55 ஆட்டம், தோற்றது 60. அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச்சுகளில் தோல்வி அதிகம் உள்ளவர், அந்த விளையாட்டையே கண்டுபிடித்த அவர் ஒருவர்தான். ஆனால் அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் அமெரிக்காவின் பெரிய கோச்சுகளில் ஒருவரானார். 1930-களில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் அங்கே வந்து சேர்ந்தார். நிறவெறி அவரைப் பல்கலைக்கழக அணியில் ஆட விடவில்லை. வயதான நெய்ஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக இருந்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார். அந்த மெக்லெண்டன் பின்னாளில் 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று தேசியக் கோப்பைகளை ஜெயித்த கோச். 55-க்கு 60 என்ற கணக்கில் இவர்கள் இரண்டு பேரும் எங்கே வருகிறார்கள்? “மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷர்களிடத்தில் ஒப்புவி” என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின கணக்கு வேறு.

ஒப்புவிப்பது எனக்குச் சுலபமாக வரவில்லை. லிஃப்டர் பையன் ப்ளஸ் டூ முடித்த வருஷம், ஒருநாள் காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி “சார், சாவி” என்றபோது, சட்டென்று ஒன்று உறைத்தது. இவன் எத்தனை வருஷமாக இருட்டில் நடந்து என் வீட்டுக்கு வந்து, சாவியை வாங்கி, கோர்ட்டுக்குப் போய், திரும்ப என் வீட்டில் மாட்டுகிறான்? ஏன்? சாவி என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைத்ததால். கோர்ட்டை நடத்துகிறவன் நான் என்று அந்த ஆணி தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. “நீயே வச்சுக்கடே” என்றேன். அவன் நம்பாமல் ஒரு நிமிஷம் நின்றான்.

அதற்குப் பின் இரண்டு வருஷம் சின்னப் பையன்களின் காலைப் பயிற்சியை அவன்தான் பார்த்தான். நான் இல்லாத நாட்களில் புதன்கிழமை வாசிப்பையும் நடத்தினான். சபையில் முழு அங்கத்தினராகிற திடப்படுத்தல் எடுத்தான். பிறகு வீட்டுக் கஷ்டத்தில் திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். போகிற அன்று என்னிடம் வந்து ஜெபித்துவிட்டுப் போனான். சாவியைத் தருவான் என்று நினைத்தேன், தரவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டான்போல, பஸ் ஸ்டாண்டுக்கே போய் வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சரி, காலையில் பூட்டை உடைத்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் ஐந்தரை மணிக்குச் சுத்தியலோடு கோர்ட்டுக்குப் போனேன். தகரப் பெட்டி திறந்து கிடந்தது. நெட் கட்டியாயிற்று. ஐடிஐ படிக்கிற ஒரு பையன், லிஃப்டரிடம் இரண்டு வருஷமாகப் பந்து தூக்கக் கற்றவன், குனிந்து கயிற்றோரம் சுண்ணாம்பு ஊற்றிக்கொண்டிருந்தான். சாவி கறுப்புக் கயிற்றில் அவன் கழுத்தில் தொங்கியது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் அவனை நோக்கி நேராக நடக்கவும் நிமிர்ந்து பார்த்துக் கையைக் காட்டினான்.

“சார், கோடு இன்னும் காயல. சுத்தி வாங்க.”

சுற்றிப் போனேன்.